மூக்கில் ரத்தம் வந்த கனவு, துடைக்காதது

ஒரு கனவின் விலை ஐயாயிரம் வோன். எங்கள் கருவாட்டுச் சந்தையில் அதுதான் நடப்பு விலை. அந்தக் காசுக்கு இப்போது பூசானில் ஒரு கிண்ணம் நூடுல்ஸ்கூடக் கிடைக்காது என்பதை வைத்துப் பார்த்தால் கனவு மலிவான சரக்குதான். கிடங்கு வாடகை இல்லை, எலித் தொல்லை இல்லை, மழையில் நனைந்து பூஞ்சை பிடிப்பதில்லை. படுத்தால் உற்பத்தி.

புருவத்தைத் தூக்குகிறீர்கள், ஐயா. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயம் போகிற குடும்பம் உங்களுடையது என்று வெளியே நிற்கிற காவலர் சொன்னார். அதனால் உங்கள் வீட்டில் கனவு வாங்கி விற்ற பழக்கம் இருந்திருக்காது. எங்கள் வீட்டில் இருந்தது. என் அம்மா துறைமுகத்தில் மீன் விற்றவள். என்னை முதுகில் கட்டிக்கொண்டு பேரம் பேசியவள். நான் முதலில் பேசிய சொல் 'அம்மா' இல்லை, 'கொறைச்சுக்கோ' என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அப்பேர்ப்பட்டவள்கூட, பக்கத்துக் கூடைக்காரி பன்றிக் கனவு கண்டாள் என்று தெரிந்தால் வாயை மூடிக்கொண்டு சொன்ன விலைக்கு வாங்கிவிடுவாள்.

விதி எளிது. நல்ல கனவு கண்டவர் அதை யாரிடமும் சொல்லக் கூடாது. சொன்னால் அது காற்றில் போன புகை. என்ன ரகம் என்று மட்டும் சொல்லலாம். காசு கைக்கு வந்த பிறகுதான் முழுவதையும் அவிழ்க்க வேண்டும். 'வித்தேன்' என்று இவர் சொல்ல வேண்டும், 'வாங்கினேன்' என்று அவர் சொல்ல வேண்டும். அந்த நொடியிலிருந்து அந்தக் கனவைக் கண்டவர், வாங்கியவர்தான். திருப்பி எடுத்துக்கொள்கிற பேச்சே கிடையாது.

பன்றி, மலம், ரத்தம், இந்த மூன்றும் பணம். ரத்தத்திலும் தரம் உண்டு. விரலில் வந்தால் சில்லறை. மூக்கில் வந்தால் மொத்த வியாபாரம். முகம் பார்த்துப் பலன் சொல்கிறவர்கள் மூக்கைத்தான் மனிதனின் பணப்பெட்டி என்பார்கள். மூக்கில் ரத்தம் என்றால் பெட்டி திறந்துகொண்டது. ஆனால் திறந்த பெட்டிக்குள் பணம் வருகிறதா, அதிலிருந்து போகிறதா? கைபேசியில் தேடிப் பாருங்கள். பாதிப் பேர் செல்வம் கொட்டும் என்பார்கள், பாதிப் பேர் இருப்பதும் போகும் என்பார்கள். எங்கள் சந்தையில் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. வழிந்த ரத்தம் துணியில் ஊறினால் வரவு. துடைத்துவிட்டால் செலவு. மூக்கு ரத்தக் கனவோடு யார் வந்தாலும் வாங்குகிறவன் கேட்கிற முதல் கேள்வி, 'துடைச்சியா?'

நேற்று முழுக்க நீங்கள் என்னிடம் கேட்டது ஒரு துண்டைப் பற்றி. சூனிமின் தலைமாட்டில், கைக்கு எட்டுகிற தூரத்தில், மடித்த துண்டு மடித்தபடி இருந்தது. அவ்வளவு ரத்தம் போய்ச் செத்த ஒருத்தி அதை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டீர்கள். சொல்கிறேன். வியாபாரம் புரிந்தால்தான் அந்தத் துண்டு புரியும், அதற்காகத்தான் இவ்வளவு சுற்றிவருகிறேன்.

குக் சூனிம் என் கடைக்கு அடுத்த கடை. நான் நெத்திலி, அவள் கடற்பாசி. இருபது வருடமாக ஒரே சுவரின் இரண்டு பக்கம். புருஷன் கப்பல் பட்டறையில் வேலை பார்த்துப் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் ஹேரான், உல்சானில் மழலையர் பள்ளி ஆசிரியை. நான் சூனிமை 'ஹேரான் அம்மா' என்று கூப்பிடுவேன். அவள் என்னைக் காரியம் இருந்தால் 'அண்ணே' என்பாள், விலை பேசும்போது 'முதலாளி' என்பாள். கெட்டிக்காரி. ஒரு கப்பல் சமையல்காரனிடம் ஒரே கட்டுப் பாசியை மூன்று முறை விற்றதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மூன்றாவது முறை அவன் குனிந்து நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

அவள்மேல் எனக்கு ஒரு விரோதமும் கிடையாது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். என் மனைவி சியோலில் மகன் வீட்டில் பேரனைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாள். இந்த ஊரில் என்னைச் 'சாப்பிட்டாச்சா' என்று கேட்கிற ஒரே ஆள் சூனிம்தான். அதற்குப் பதிலாகத் தினமும் காலையில் கடை திறந்ததும் நான் அவளுக்கு ஒரு கோப்பை மூலிகைக் கஷாயம் கொண்டுபோய்க் கொடுப்பேன். நல்ல கசப்பு, மேலே இரண்டு உலர்ந்த இலந்தைப் பழம் மிதக்கும். பத்து வருடப் பழக்கம். முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, 'இதுக்குச் செத்துப்போகலாம்' என்பாள். தினமும் அதே வேடிக்கைதான்.

போன இலையுதிர் காலத்தில் ஒரு காலை, அவள் வாயை இறுக்கிக்கொண்டு என் கடை முன்னால் வந்து நின்றாள். பேசவே பிறந்தவள் பேசாமல் நின்றால் ஒன்று பல்வலி, இல்லாவிட்டால் கனவு.

"பல்லா, சரக்கா?" என்றேன்.

"சரக்கு."

"பன்னியா?"

"ரத்தம். மூக்கு. பத்தாயிரம்."

"துடைச்சியா?"

"எந்தக் கிறுக்கியாவது துடைப்பாளா முதலாளி? வெள்ளைச் சட்டை, மடியெல்லாம் ஊறிப்போச்சு."

ஐயாயிரமும் ஒரு கை நெத்திலியும் கொடுத்தேன். வித்தேன் என்றாள், வாங்கினேன் என்றேன். பிறகு முழுவதையும் சொன்னாள். முந்தைய ராத்திரி குளிருக்காகத் தரைக்கு அடியில் ஓடவிடுகிற சூட்டை அதிகமாக வைத்துவிட்டுத் தூங்கிவிட்டாளாம். தொண்டையெல்லாம் வறண்டு, மூக்கிலிருந்து ஆறு மாதிரி ஓடுவதாகக் கனவு. விழித்துப் பார்த்தால் நிஜமாகவே தலையணையில் நாலு சொட்டு. இந்தக் கடைசி விஷயத்தை அவள் பெரிதாக நினைக்கவில்லை. நானும் அப்போது நினைக்கவில்லை.

அந்த வாரமே கடலில் புயல். படகெல்லாம் கரையில் கட்டிக் கிடந்தன. என் கிடங்கிலிருந்த நெத்திலிக்கு நான் வாயில் சொன்னதுதான் விலை. குளிர்காலத்துக்குள் கூரையை மாற்றினேன், புதுக் குளிரறை போட்டேன். ஐயாயிரம் வோனும் ஒரு கை நெத்திலியும் போட்ட முதலுக்கு இது மோசமில்லை.

சூனிமுக்குக் கண் இல்லையா? என் புதுக் கூரையைத் தினமும் அண்ணாந்து பார்த்தாள். பத்துப் பதினைந்து நாளில் மறுபடி வாயை இறுக்கிக்கொண்டு வந்தாள். இந்த முறை இருபதாயிரம்.

"துடைச்சியா?"

அவள் பாசிக் கட்டுகளைப் பார்த்தாள். "ஒரு பக்கந்தான் துடைச்சேன்."

"அப்ப பாதி விலை."

"துடைச்சது இடது மூக்கு முதலாளி. வரவு வலதுலதான்."

அப்படி ஒரு விதியை நான் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் அவள் சொன்ன வேகத்தில், காலங்காலமாக இருக்கிற விதியைத் தெரியாமல் இருக்கிறோமே என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. பதிமூன்றாயிரத்துக்கு முடித்தோம். அந்த மாதம் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. பாதி துடைத்த கனவுக்கு அதுதான் பலன் என்று திருப்திப்பட்டுக்கொண்டேன்.

அதன் பிறகுதான் நான் ஒரு தவறு செய்தேன். நீங்கள் நினைக்கிற தவறு இல்லை. ஏலத்தில் செய்தது. புது வருடத்துக்குப் பிறகு மீன் வரத்துக் குறையும் என்று நம்பி, குழம்புக்குப் போடுகிற பெரிய நெத்திலியை வந்த விலைக்கெல்லாம் வாங்கிப் போட்டேன். புதுக் கூரை முட்டுகிற அளவுக்கு மூட்டை. பார்த்தால் தெற்குக் கடலில் வலை கிழிகிற மாதிரி மீன். விலை தினமும் ஒரு படி இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு உடனடியாக ஒரு கனவு தேவைப்பட்டது. முழுக் கனவு. இரண்டு பக்கமும் துடைக்காதது.

சூனிமைக் கேட்டேன். கையை விரித்தாள். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டுக்குப் பெண் வீட்டிலிருந்து பட்டு மெத்தையும் போர்வையும் போக வேண்டும். அந்த வீட்டு அம்மா கொஞ்சம் வாய் நீளமானவளாம், சாதாரணப் பட்டு என்றால் உறவுக்காரர் முன்னால் விரித்துக் காட்டிச் சிரிப்பாளாம். சூனிம் கடை வருமானத்தில் அந்தப் பட்டு எட்டவில்லை.

"தூக்கமே வரல அண்ணே. தூங்கினாத்தானே கனவு?" என்றாள். "வந்தாலும் பூனைதான் வருது. பூனை வேணுமா?"

பூனைக் கனவை யார் வாங்குவார்கள்.

அன்றைக்குக் கடையில் சும்மா உட்கார்ந்து யோசித்தேன். கருவாட்டுக்கு முதலில் மீன் வேண்டும். பாசிக்குக் கடல் வேண்டும். ஆனால் கனவு மட்டும் வானத்திலிருந்து விழுகிறது என்று நாம் ஏன் நினைக்கிறோம்? அந்த முதல் கனவு எப்படி வந்தது? தரைச் சூட்டில் அவள் மூக்கில் நிஜமாக ரத்தம் வந்தது. தூக்கத்தில் அது கனவாகிவிட்டது. ரத்தம் முதல், கனவு சரக்கு. முதல் போட்டால் சரக்கு வரும். இதைவிட நேரான கணக்கு எனக்குத் தெரிந்து இல்லை.

எனக்கு இதயத்துடிப்பில் கோளாறு, ஒரு வருடமாக. ரத்தம் உறையாமலிருக்க டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். கொடுத்தபோதே, மூக்கில் ரத்தம் வந்தால் ஓடி வாருங்கள் என்று எச்சரித்தார். ஒரு வருடமாக விழுங்குகிறேன், ஒரு சொட்டு வந்ததில்லை. என் மூக்கு அம்மா வழி மூக்கு, எதையும் எளிதில் வெளியே விடாது. ஆகவே உங்கள் சோதனைச்சாலைக்காரர்கள் சூனிமின் ரத்தத்தில் கண்டுபிடித்தது சரிதான். என் மாத்திரைதான். பொடித்துக் கஷாயத்தில் கலந்தேன். கசப்போடு கசப்பு போய்விட்டது. நான் ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டு மிச்சத்தை அவளுக்குக் கொடுத்தேன். தன் இதயத்துக்கு எழுதிக் கொடுத்த மருந்தில் பாதியைப் பக்கத்துக் கடைக்காரிக்குக் கொடுத்த ஆள் என்று வேறு யாராவது என்னைப் பற்றிச் சொல்லியிருந்தால் நீங்கள் நல்ல விதமாகத்தான் எடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

கொஞ்ச நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு காலை அவள் வாயை இறுக்கிக்கொண்டு வந்தாள். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

ஆனால் இடது மூக்கு விவகாரத்துக்குப் பிறகு நான் கொஞ்சம் கவனமாகிவிட்டேன். மாதிரி பார்க்காமல் மூட்டை எடுக்கிறவன் வியாபாரியே இல்லை. கனவுக்கு மாதிரி என்ன? தலையணை உறை. துடைத்திருந்தால் கறை இழுபட்டிருக்கும், துடைக்காவிட்டால் வட்டமாக ஊறியிருக்கும். உறையைக் கொண்டு வந்து காட்டினால்தான் காசு என்று சொல்லிவிட்டேன். அவள் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்தாள். இரண்டு பேரும் கடை வாசலில் வெளிச்சத்தில் பிடித்து, ஓரம் திருப்பி, விரலால் தடவிப் பார்த்தோம். எதிர்க்கடையில் கணவாய் விற்கிற நோ என்பவன் அங்கிருந்தே கத்தினான், "என்னய்யா, ரெண்டு பேரும் கல்யாணத்துக்குத் துணி எடுக்கறீங்களா?"

"ஆமா, உனக்குக் கோமணம்" என்றாள் சூனிம்.

சந்தை முழுக்கச் சிரித்தது. சந்தோஷமாகத்தான் இருந்தாள், ஐயா. அதை நீங்கள் எழுதிக்கொள்ள மாட்டேன் என்கிறீர்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் சந்தோஷமாக இருந்தாள். வருமானம் வந்தது. பட்டுக்கு முன்பணம் கட்டினாள். மெத்தைக்கு எந்த நிறம் எடுக்கலாம் என்று என்னைக் கேட்டாள்; சிவப்பு வேண்டாம், வாடாமல்லி நிறம் எடு என்று நான்தான் சொன்னேன்.

எனக்குத்தான் ஒன்று புரியவில்லை. கனவு வந்துகொண்டிருந்தது, உறை வட்டமாக ஊறியிருந்தது, விலையும் நான் தாராளமாகக் கொடுத்தேன். நெத்திலி விலை மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது. சரக்கின் வீரியம் போதவில்லை என்று எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது? வீரியத்தைக் கூட்டினேன். இதயத்துக்கு என்று வைத்திருந்த மிச்சத்தையும் கோப்பைக்கே கொடுத்தேன்.

அவள் கையில் நீலம் நீலமாகத் தடம் விழ ஆரம்பித்தது. நான் பார்க்கவில்லை என்று சொல்லப்போவதில்லை. பார்த்தேன். மூட்டை தூக்கினது என்றாள் அவளே. இருக்கும் என்றேன். பல் தேய்த்தால் எச்சில் சிவப்பாக வருகிறது என்றாள். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி என்றேன். நின்று விற்பவள், முக்காலி போட்டு உட்கார்ந்து விற்க ஆரம்பித்தாள். விலையில் மட்டும் இறங்கவில்லை.

ஒருநாள் முக்காலியில் உட்கார்ந்தபடியே கேட்டாள். "ஹேரான் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி உசிரை எடுக்கறா அண்ணே. போய்ட்டு வந்துடவா?"

"போய்ட்டு வா. ஊசி போட்டு நிறுத்திடுவாங்க."

"நின்னா நல்லதுதானே?"

"மூக்கும் நிக்கும், கனவும் நிக்கும்" என்றேன். "மெத்தை வாங்கியாச்சா?"

அவள் விரலை மடக்கி ஏதோ எண்ணினாள். "மெத்தை ஆச்சு. போர்வை இன்னும் பாக்கி."

"அப்ப உன் இஷ்டம்."

நான் போகாதே என்று சொல்லவில்லை. உன் இஷ்டம் என்றுதான் சொன்னேன். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்பது சட்டம் படித்த உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவள் போகவில்லை. போர்வை வாங்கிவிட்டுப் போகலாம் என்று முடிவு செய்தது அவள்.

போன ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு விடுமுறை. மத்தியானச் சாப்பாடு முடிந்து நான் தொலைக்காட்சியில் மல்யுத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன். கைபேசி அடித்தது. சூனிம். குரல் மூக்கடைத்த மாதிரி இருந்தது.

"அண்ணே, சோறு வைக்கும்போது ஆரம்பிச்சது. இன்னும் நிக்கல. கிண்ணத்தைக் கீழ வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். ஆம்புலன்ஸைக் கூப்பிடவா?"

இதற்கு நான் சொன்ன பதிலை நீங்கள் என் வாயால் கேட்க விரும்புகிறீர்கள். அவள் கைபேசியில் பேச்சு பதிவாகியிருக்கிறதா இல்லையா என்று நீங்கள் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். பதிவாகாவிட்டாலும் பரவாயில்லை, நான் மாற்றிச் சொல்லப்போவதில்லை.

"தூங்கிட்டிருந்தியா?" என்று கேட்டேன்.

"இல்ல. அடுப்படியில நின்னுட்டிருந்தேன்."

"முழிச்சிருக்கும்போது வந்தா அது வெறும் ரத்தம், ஹேரான் அம்மா. அதுக்கு நான் விலை குடுக்க முடியாது."

கிண்ணத்தில் சொட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"போய்ப் படு" என்றேன். "படுத்துத் தூங்கு. தூக்கத்துல வந்தாத்தான் கனவு. துடைக்காத. நாளைக்குக் காலைல உறையைக் கொண்டா, ரெட்டை விலை."

"தலை சுத்துது அண்ணே."

"சுத்தினாத் தூக்கம் சீக்கிரம் வரும்."

ஒரு சிரிப்பு கேட்டது. ஈரமான சிரிப்பு.

"மூணு மடங்கு, முதலாளி. முன்பணமா."

அண்ணே போய் முதலாளி வந்துவிட்டது. விலை பேசுகிற ஆளுக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்டு, கைபேசியிலேயே பணத்தை அனுப்பினேன். வந்துவிட்டது என்றாள். அவள் குரலை நான் கடைசியாகக் கேட்டது அதுதான். போர்வைக் கடைக்கு அந்தப் பணத்தை அன்று சாயங்காலமே அவள் அனுப்பியிருக்கிறாள் என்று நீங்கள் சொல்லித்தான் தெரிந்தது. ஆக, படுப்பதற்கு முன் அதற்குத் தெம்பு இருந்திருக்கிறது.

துண்டைப் பற்றிக் கேட்டீர்கள். உறை கெடாமல் எனக்கு வந்து சேர வேண்டும் என்பதற்காகத்தான் அவள் அதை எடுக்கவில்லை. சொன்ன சொல் தவறாத வியாபாரி.

திங்கட்கிழமை வழக்கம்போல் கஷாயம் போட்டேன். வழக்கம்போல்தான் கலந்தேன். அவள் கடைக் கதவு மூடியிருந்தது. கோப்பையோடு கொஞ்ச நேரம் நின்றேன், ஆறிப்போனதும் சாக்கடையில் ஊற்றினேன். பிறகு உல்சானுக்கு, ஹேரானுக்குப் பேசினேன். அம்மா ராத்திரி ஏதாவது கனவு கண்டதாகச் சொன்னார்களா என்று விசாரித்தேன். அந்தப் பெண் ஏன் அப்படிக் கேட்கிறீர்கள் மாமா என்றாள். சும்மாதான் என்றேன். அவள் வேலையைப் போட்டுவிட்டு, மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு வண்டி ஏறி வந்தாள். என்மேல் சந்தேகம் வந்தது அந்தக் கேள்வியால்தான் என்கிறீர்கள். சரக்குக்கு முன்பணம் கொடுத்தவன் சரக்கைப் பற்றி விசாரித்தது உங்களுக்குச் சந்தேகமாகப் படுகிறது.

இதுவரை நான் சொன்னதில் எனக்கு ஒரு மனக்கஷ்டமும் இல்லை. கஷ்டம் இன்று காலை வந்தது. நீங்கள் அந்தப் பெண் கொடுத்த வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினீர்களே, அப்போது.

சூனிம் மகளிடம் என்னைப் பற்றிப் பேசிச் சிரித்தாளாம். "கனவா? எனக்குக் கனவு வந்து எத்தனை மாசமாச்சு. மொத வாட்டி வந்தது, அதோட சரி. இப்ப மூக்குல வெறுமனே ரத்தம் வருதுடி, அதைக் கனவுன்னு சொல்லி நெத்திலிக்காரர் தலையில கட்டறேன். பாவம், உறையை வெளிச்சத்துல புடிச்சுப் பாக்கறாரு." இடது மூக்கு வலது மூக்கெல்லாம் அன்று காலை முகம் கழுவும்போது கட்டிய கதையாம். உன் பட்டு மெத்தை பூராவும் அம்மா மூக்கிலிருந்து வந்ததுதான் என்று மகளிடம் சொன்னாளாம். ஆஸ்பத்திரிக்குப் போ அம்மா என்று அவள் அழுதாளாம். போர்வை வரட்டும், போகிறேன் என்றாளாம்.

இருபது வருடம் ஒரே சுவர். போலிச் சரக்கு.

நான் குரலை உயர்த்திப் பேசி நீங்கள் பார்த்தது அந்த ஒரு முறைதான் இருக்கும், அதற்கு மன்னிக்க வேண்டும். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த முதல் ஒன்றைத் தவிர எல்லாமே கனவே இல்லாத வெறும் ரத்தம். நெத்திலி விலை ஏன் ஏறவே இல்லை என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது. கிடங்கு நிறைய மூட்டை புழுத்துக்கொண்டிருக்கிறது. நான் வீரியத்தைக் கூட்டிக் கூட்டிப் போட்டதெல்லாம் வீண். அவள் ஒரு வார்த்தை, 'அண்ணே, கனவு வரல, ரத்தம் மட்டும்தான் வருது' என்று உண்மையைச் சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே கஷாயத்தை நிறுத்தியிருப்பேன். அவள் இன்று முக்காலியில் உட்கார்ந்து பாசி விற்றுக்கொண்டிருப்பாள். வியாபாரத்தில் நேர்மை இல்லாமல் போனால் உயிர்ச் சேதம் வரைக்கும் போகும் என்பதை மற்றவர்களாவது பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.

ஆக, குக் சூனிமைக் கொன்றது நான்தான். மாத்திரை என்னுடையது, பொடித்த கை என்னுடையது, படுத்துத் தூங்கச் சொன்ன வாய் என்னுடையது. எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள், போடுகிறேன்.

கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள். மெத்தை, போர்வை எல்லாம் அவளே வைத்துக்கொள்ளட்டும். மாத்திரைச் செலவு, கஷாயம், இலந்தைப் பழம், இதையெல்லாம் நான் கணக்கில் சேர்க்கவில்லை. அக்கம்பக்கத்தில் கொடுத்ததை எழுதுவது அழகில்லை. கையெழுத்துக்குக் கீழே ஒரே ஒரு வரி மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், இதை நான் யாரிடமும் வசூலிக்கப்போவதில்லை, முறைக்காகத்தான் கேட்கிறேன். காசு கொடுத்து வாங்கிய கனவு எட்டு. வந்து சேர்ந்தது ஒன்று. சூனிம் எனக்குத் தர வேண்டியது, ஏழு.